பூஜ்யமா, ஆறரைக் கோடி டாலரா? ஒரு கழுகை மதிப்பிட்ட வழக்கு

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'கேன்யன்' என்றொரு படைப்பு இருக்கிறது. ராபர்ட் ராஷன்பர்க் 1959-இல் செய்தது. ஓவியம் என்று சொன்னால் பாதிதான் சரி. ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைந்த உயரம், ஆறடிக்கு அதே அளவு குறைந்த அகலம். துணியும் காகிதமும் ஒட்டி, எண்ணெய் வண்ணம் பூசி, நசுங்கிய வண்ணக் குழாய் ஒன்றை அப்படியே பதித்து, கையை மேலே நீட்டிய ஒரு குழந்தையின் புகைப்படத்தையும் சேர்த்திருக்கிறார். அந்தக் குழந்தை அவருடைய மகன். கீழ்ப்பகுதியில், பெட்டி ஒன்றின்மேல் நின்றபடி, இறக்கை விரித்து, நம்மை நோக்கிப் பாய வருவதுபோல் ஒரு கழுகு. அதற்கும் கீழே கயிற்றில் தொங்கும் ஒரு தலையணை. கயிறு நடுவில் இறுக்குவதால் தலையணை இரண்டாகப் பிதுங்கி நிற்கும்.

கழுகு பொம்மை இல்லை. ஒரு காலத்தில் பறந்து திரிந்த, பிறகு பாடம் செய்யப்பட்ட நிஜக் கழுகு. வழக்கு முழுவதும் அதன் முதுகில்தான் ஏறி நிற்கிறது.

இந்த ஒரு பொருளுக்கு, ஒரே தேதிக்கு, இரண்டு மதிப்புகள் எழுதப்பட்டன. வாரிசுகள் அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் பூஜ்யம் என்று எழுதினார்கள். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 6.5 கோடி டாலர் என்று எழுதியது. பாகப்பிரிவினைப் பட்டியலும் மூலதன ஆதாயக் கணக்கும் எழுதிப் பிழைக்கிறவன் நான். "சார், இது என்ன விலை போகும்?" என்று கேட்டபடி பழைய பொருளோடு வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வியில் பாதிதான் இருக்கிறது என்று புரியவைக்க இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குக் கிடைக்கவில்லை. யார் வாங்க, எந்தத் தேதியில், எந்தச் சந்தையில், எந்தச் சட்டத்துக்கு உட்பட்டு, எந்தக் காரியத்துக்காக? இத்தனையும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும்.

கழுகு வந்த வழி

மதிப்பீட்டில் முதல் வேலை, பொருள் எங்கிருந்து வந்தது என்று எழுதுவது. விலை பிறகுதான். கழுகின் பூர்வீகம் இது. நியூயார்க்கின் கார்னகி ஹால் கட்டடத்தில் அப்போது கலைஞர்கள் குடியிருந்த அறைகள் இருந்தன. அங்கே வசித்த சாரி டீன்ஸ் என்ற பெண் கலைஞர், பக்கத்து அறைக்காரர் காலமானபின் குப்பையென்று ஒதுக்கப்பட்ட சாமான்களுக்கு நடுவே இந்தக் கழுகைப் பார்த்து ராஷன்பர்க்கிடம் சேர்த்தார். அந்த அறைக்காரர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் 'ரஃப் ரைடர்ஸ்' என்ற குதிரைப்படையில் இருந்தவர். கழுகைச் சுட்டுப் பாடம் செய்ததும் அவரே.

படைப்பு முடிந்த 1959-ஆம் ஆண்டிலேயே அதை வாங்கியவர் இலியானா சானபெண்ட். ருமேனியாவில் பிறந்தவர், நியூயார்க்கின் பெரிய கலை வணிகர் லியோ காஸ்டெல்லியின் முன்னாள் மனைவி, பாரிஸிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடம் நடத்தி அமெரிக்க நவீனக் கலையை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர். கடைசிவரை அவர் 'கேன்யனை' விற்கவில்லை.

விற்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. அமெரிக்காவில் 1940-இல் வெண்தலைக் கழுகைக் காக்கச் சட்டம் வந்தது. 1962-இல் அது பொன்னிறக் கழுகுக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்தக் கழுகை ஒரு சாரார் வெண்தலை என்றும் மற்றொரு சாரார் பொன்னிறம் என்றும் எழுதியிருக்கிறார்கள்; எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். அதற்கும் முன்பே, 1918-இல், இடம்பெயரும் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்துவிட்டது. உயிருள்ள கழுகை மட்டும் இவை காக்கவில்லை. இறகையும் நகத்தையும் பாடம் செய்த உடலையும் விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்டத்துக்கு முன்பே இறந்த பறவையை வைத்திருக்கலாம், விற்கக் கூடாது.

1981-இல் வனவிலங்குத் துறை இந்தக் கழுகைக் கவனித்துக் கேள்வி எழுப்பியது. சானபெண்ட் மன்றாடித் தன்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். மறுபடி சிக்கல் வந்தபோது, 1998-இல், ராஷன்பர்க்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலம் கொடுத்தார்: கழுகு 1940-க்கு முன்பே கொல்லப்பட்டுப் பாடம் செய்யப்பட்டது என்று. பொது அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கும்வரை உடைமை தொடரலாம் என்ற ஏற்பாடு அதன்பேரில் நிலைத்தது. 2005 முதல் படைப்பு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது.

அந்த நோட்டரித் தாளை நான் பெரிதாக நினைக்கிறேன். படைப்பைச் செய்தவர் உயிரோடிருந்து, நினைவோடிருந்து, எழுதித் தந்த தாள். பத்தாண்டு தாமதித்திருந்தால் அதை எழுதித் தர ஆளில்லை. ராஷன்பர்க் 2008-இல் மறைந்துவிட்டார்.

இரண்டு எண்கள்

சானபெண்ட் 2007 அக்டோபரில், 92 வயதில் காலமானார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து முழுவதையும் அமெரிக்காவில் எஸ்டேட் என்பார்கள்; அதன்மேல் எஸ்டேட் வரி உண்டு. இறந்த தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பே அதற்கு அடிப்படை. விரும்பினால், சில நிபந்தனைகளோடு, ஆறு மாதம் கழித்து வரும் தேதியை எடுத்துக்கொள்ளலாம். இறந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். நகை, வெள்ளி, ஓவியம், பழம்பொருள், புத்தகம், நாணயத் தொகுப்பு, தபால்தலைத் தொகுப்பு போன்ற கலை மதிப்போ சேகரிப்பு மதிப்போ உள்ள பொருட்கள் மொத்தம் 3,000 டாலரைத் தாண்டினால், நிபுணர் ஒருவர் சத்தியம் செய்து எழுதிய மதிப்பீட்டு அறிக்கையைக் கூடவே இணைக்கவேண்டும்.

மகள் நினா சன்டெல், வளர்ப்பு மகன் அன்டோனியோ ஹோமெம் இருவரும் வாரிசுகள். சேகரிப்பின் மற்றப் படைப்புகள் சுமார் 87.6 கோடி டாலர் பெறும் என்று கணக்கிட்டு, மத்திய அரசுக்கு 33.1 கோடி, நியூயார்க் மாநிலத்துக்கு 14 கோடி, ஆக 47.1 கோடி டாலர் வரி கட்டினார்கள். அந்தப் பணத்துக்காகச் சுமார் 60 கோடி டாலர் பெறுமான படைப்புகளை விற்க வேண்டிவந்தது. வரியை ஒளிக்கப் பார்த்த குடும்பம் இது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று மதிப்பீட்டாளர்கள், அதில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனமும் ஒன்று, 'கேன்யனுக்கு' மட்டும் பூஜ்யம் போட்டார்கள். காரணம் ஒரு வரிதான்: விற்றால் குற்றம், ஆகவே சந்தை இல்லை, ஆகவே சந்தை மதிப்பும் இல்லை.

வரித்துறைக்குக் கலைப்பொருள் விஷயத்தில் ஆலோசனை சொல்ல 1968 முதல் ஒரு குழு இருக்கிறது. அருங்காட்சியகக் காப்பாளர்கள், கலை வணிகர்கள், அறிஞர்கள் சம்பளம் வாங்காமல் வந்து அமர்கிறார்கள். எதிரே இருக்கும் பொருள் யாருடையது, மதிப்பு கூடினால் வரி கூடுமா குறையுமா என்று அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். படம், அளவு, வரலாறு, ஒத்த விற்பனைகள் மட்டும் வைக்கப்படும். சாய்வு இல்லாமல் முடிவெடுக்க நல்ல ஏற்பாடு அது. ஆனால் இந்த வழக்கில் அதுவே ஒரு கண்ணை மறைத்தது. குழு படைப்பைக் கலையாகப் பார்த்தது. ஓவியமும் பொருட்களும் கலந்த, ராஷன்பர்க்கின் மிகச் சிறந்த 'காம்பைன்' படைப்புகளில் ஒன்று, கலை வரலாற்றுப் பாடநூலில் இருப்பது, வாங்க முடிந்தால் உலகமே வரிசையில் நிற்கும் என்று பார்த்தது. கழுகைப் பற்றிய சட்டத்தைத் தாங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று குழுவில் இருந்த ஒருவரே பின்னர் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்.

2011 கோடையில் வாரிசுகளிடம் வந்த முதல் எண் 1.5 கோடி டாலர். அவர்கள் ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் முறையான நோட்டீஸ் வந்தபோது எண் 6.5 கோடியாக இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் கழுகுக்கோ கலைச் சந்தைக்கோ எதுவும் நேர்ந்துவிடவில்லை. மதிப்பிடும் தேதியும் மாறவில்லை, அது 2007 அக்டோபரிலேயே நிற்கிறது.

நோட்டீஸின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 2007-இல் எஸ்டேட் வரியின் உச்ச விகிதம் 45 சதவீதம். 6.5 கோடியில் 45 சதவீதம் 2.92 கோடி டாலர். இது வரி. அடுத்தது அபராதம். கணக்கில் காட்டிய மதிப்பு, சரியான மதிப்பில் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அது 'மிகப் பெரும் தவறான மதிப்பீடு'. குறைந்த வரியில் 40 சதவீதம் அபராதம். பூஜ்யம் எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் 40 சதவீதத்துக்குக் கீழேதான். 2.92 கோடியில் 40 சதவீதம் 1.17 கோடி. இரண்டும் சேர்த்து நான்கு கோடி டாலருக்கும் மேல், வட்டி தனி. விற்க முடியாத பொருளுக்கு இந்தத் தொகை. பொதுவாக வாரிசுகள் வரி கட்ட வழியில்லையென்றால் அந்தப் பொருளையே விற்றுக் கட்டுவார்கள். இங்கே விற்றால் சிறை, விற்காவிட்டால் அபராதம்.

எது சந்தை?

அமெரிக்க வரி விதிகள் நியாயமான சந்தை மதிப்புக்குக் கொடுக்கும் விளக்கம் தெளிவானது. வாங்க விரும்பும் ஒருவர், விற்க விரும்பும் ஒருவர்; இருவருக்கும் எந்த நிர்ப்பந்தமும் இல்லை; பொருளைப் பற்றிய விவரங்களை இருவரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்; அப்போது கைமாறும் விலை. அதோடு, அந்தப் பொருள் வழக்கமாகப் பொதுமக்களுக்கு விற்கப்படும் சந்தையையே பார்க்கவேண்டும். பழைய கார் என்றால் டீலர் நம்மிடம் வாங்கும் விலையைப் போடக்கூடாது, நாம் கடையில் வாங்கும் விலையைப் போடவேண்டும் என்று விதியிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

இந்த விளக்கத்தைக் கழுகின்மேல் வைத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த வாங்குபவருக்கு, வாங்கினால் வழக்கு வரும் என்ற விவரமும் தெரியும். வாரிசுகளின் வழக்கறிஞர் ரால்ஃப் லெர்னர் இதைத்தான் கேட்டார். தனக்கு வரித்துறை அதிகாரி ஒருவர் தந்த பதிலாக அவர் வெளியில் சொன்னது: சீனாவில் வெளியுலகம் அறியாத ஒரு கோடீஸ்வரர் வாங்கி மறைத்துவைத்துக்கொள்ளக் கூடும்.

அந்த வாதம் திடீரென்று முளைத்ததில்லை. திருட்டுக் கலைப்பொருளோடு இறந்துபோனவரின் எஸ்டேட், போதைப்பொருளோடு விமானம் விழுந்து இறந்த கடத்தல்காரரின் எஸ்டேட் ஆகியவற்றைப் பற்றி 1990-களின் தொடக்கத்தில் வரித்துறை எழுதிய உள் ஆலோசனைக் குறிப்புகள் உண்டு. சட்டவிரோதச் சந்தையில் என்ன விலை போகுமோ அதையே மதிப்பாக எடுக்கலாம் என்பது அவற்றின் சாரம். குற்றத்தில் சம்பாதித்தவர் வரியிலிருந்து தப்பக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் சானபெண்ட் கடத்தவில்லை, திருடவில்லை. அரசிடம் அனுமதி வாங்கி, அரசு சொன்ன நிபந்தனைப்படி பொது அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார். அரசின் ஒரு கை "விற்காதே" என்று எழுதித் தந்திருக்க, மறுகை "கள்ளச்சந்தையில் விற்றால் வரும் விலைக்கு வரி கட்டு" என்பது நியாயமில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பூஜ்யம் என்ற எண்ணையும் ஒருமுறை உரசிப் பார்க்கவேண்டும். 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கழுகுச் சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பு வழங்கியது. பூர்வகுடிகளின் பழைய கைவினைப் பொருட்களை விற்றுவந்த வணிகர்கள், சட்டத்துக்கு முந்தைய கழுகு இறகுள்ள பொருளையும் விற்கத் தடைசெய்வது சொத்தைப் பறிப்பதுதானே என்று வழக்குப் போட்டிருந்தார்கள். பறிப்பு ஆகாது என்றது நீதிமன்றம். விற்கும் உரிமை மட்டுமே போகிறது. வைத்திருக்கலாம், எடுத்துச் செல்லலாம், தானம் தரலாம், உயில் எழுதலாம், கட்டணம் வாங்கிக் காட்சிக்குக்கூட வைக்கலாம் என்று அது சொன்னது. அதாவது சொத்து என்பது ஒரு கட்டு விறகு போல. ஒரு விறகை உருவினாலும் மற்றவை இருக்கின்றன. அந்த மீதி விறகுகளுக்கு ஏதோ ஒரு பெறுமானம் உண்டுதானே என்று வரித்துறை வாதாடியிருந்தால், அது பதில் சொல்லக் கடினமான வாதமாக இருந்திருக்கும். காட்சிக் கட்டணத்திலிருந்து ஒரு சிறு தொகையைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கலாம். ஆறரைக் கோடிக்கு அந்த வழியில் போய்ச் சேர முடியாது.

வாரிசுகள் வரி நீதிமன்றத்தை நாடினார்கள். தீர்ப்பு வரும் முன்பே சமரசம் ஆயிற்று. படைப்பைப் பொது அருங்காட்சியகத்துக்குத் தானமாகத் தந்துவிடவேண்டும், அதற்கு வரிக்கழிவு எதுவும் கேட்கக் கூடாது, வரித்துறை தன் கோரிக்கையைக் கைவிடும். மெட்ரோபாலிடனும் நவீனக் கலை அருங்காட்சியகமும் போட்டியிட்டன. 2012 நவம்பரில் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. சானபெண்டின் பெயரை நிறுவனர் வரிசையில் பொறிக்கவும், அவர் நினைவாக ஒரு கண்காட்சி நடத்தவும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் கண்காட்சி தொடங்கியது. சட்டம் எது என்று நீதிமன்றம் சொல்லாமலே வழக்கு முடிந்தது. அடுத்த குடும்பம் இதே சிக்கலோடு வந்தால் காட்டுவதற்குத் தீர்ப்பு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. சானபெண்ட் தன் உயிலிலேயே 'கேன்யனை' ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தால், மதிப்பு பூஜ்யமானாலும் ஆறரைக் கோடியானாலும் எஸ்டேட் வரியில் அதே அளவு தானக் கழிவு கிடைத்திருக்கும். ஒருபக்கம் கூடுவது மறுபக்கம் கழியும். இறந்தபின் வாரிசுகள் தாமாகத் தரும் தானத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. உயிலில் ஒரு பத்தி ஐந்து ஆண்டுத் தொல்லையைத் தடுத்திருக்கும்.

அறிக்கை தோற்றுப்போன வழக்கு

'கேன்யன்' மதிப்பீட்டாளர்கள் காரணத்தை எழுதினார்கள், அந்தக் காரணம் நின்றது. காரணம் எழுதாத அறிக்கை என்ன ஆகும் என்பதற்கு ஈவா கோல்ஸ்மன் எஸ்டேட் வழக்கு இருக்கிறது. அவர் 2005 ஆகஸ்டில் இறந்தபோது விட்டுச்சென்ற ஓவியங்களில் இளைய பீட்டர் ப்ரூகலின் ஒன்று இருந்தது. கிராமத் திருவிழா, நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும் கூட்டம். உலகப் புகழ் பெற்ற ஏல நிறுவனம் ஒன்றின் பழங்கால ஓவிய நிபுணர் அதற்கு 5 லட்சம் டாலர் போட்டார். ஓவியத்தின்மேல் அழுக்கு கனமாகப் படிந்திருக்கிறது, சுத்தம் செய்தால் என்ன ஆகுமோ என்பது அவர் சொன்ன காரணம்.

எஸ்டேட் நிர்வாகி சீக்கிரமே அதைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். ஓவியம் நன்றாகவே வெளிப்பட்டது. 2009 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 21 லட்சம் டாலர். வாங்கியவர் கமிஷனோடு 24 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்.

வரி நீதிமன்றம் 2017-இல் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக அலசியது. இரண்டு இடத்தில் அது உடைந்தது. ஒன்று, 5 லட்சத்துக்கு ஆதாரமாக ஒத்த விற்பனை எதையும் அறிக்கை காட்டவில்லை. இரண்டு, மதிப்பைச் சொல்லும் கடிதம் அனுப்பிய அதே நாளில், ஓவியங்களை எதிர்காலத்தில் விற்கும் தனி உரிமையைத் தங்கள் நிறுவனத்துக்குத் தரும்படி கேட்கும் கடிதமும் நிர்வாகிக்குப் போயிருந்தது. வாடிக்கையாளருக்கு வரி குறையும்படி எழுதினால் ஏல உரிமை கிடைக்கும் என்ற ஆசை மதிப்பைக் கீழே இழுத்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. சுத்தம் செய்யாத நிலைக்கு ஒரு சிறு கழிவு மட்டும் கொடுத்து, 19 லட்சத்து 95 ஆயிரம் டாலர் என்று நிர்ணயித்தது. மேல்முறையீட்டிலும் 2019-இல் அதுவே உறுதியானது.

பொருளை விற்றுத் தரவோ வாங்கவோ நினைப்பவரிடம் வரிக்கான மதிப்பீட்டை வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "விற்றால் உமக்கு என்ன கிடைக்கும்?" என்பதாக இருக்கும். மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று பேசிக்கொள்வதும் அதே வகை. ஐயாயிரம் டாலருக்கு மேல் பொருளைத் தானம் செய்து கழிவு கேட்பவர்களின் மதிப்பீட்டாளருக்குச் சதவீதக் கூலியை அமெரிக்க விதியே தடைசெய்கிறது.

தேதி விஷயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். ராஷன்பர்க்கின் 'பஃபலோ 2' என்ற படைப்பு 2019-இல் 8.88 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதைப் பார்த்துவிட்டு, ஆறரைக் கோடி குறைவுதான் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். 2007-க்கான மதிப்பீட்டில் 2019-இன் விலைக்கு இடமில்லை. அந்த நேரத்து ஏலச் சாட்சி வேண்டுமென்றால் 2008 மே மாதம் 'ஓவர்டிரைவ்' 1.46 கோடிக்கு விற்றது கிட்டத்தில் இருக்கிறது.

அரசே கொடுக்கவேண்டி வந்தபோது

காரியம் மாறினால் அரசின் வாதம் எப்படி மாறும் என்பதற்கு சப்ரூடர் படச்சுருளைப் பார்க்கலாம். 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தன் வீட்டு கேமராவில் எடுத்த 8 மி.மீ. சுருள். ஓடும் நேரம் 26 விநாடி. 1998 ஆகஸ்டு 1 முதல் அசல் சுருளை அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது. அரசியல் சாசனப்படி இழப்பீடு தரவேண்டும். குடும்பம் 3 கோடி டாலர் கேட்டது. அரசோ 10 லட்சம் டாலர் அளவிலேயே நின்று வாதாடியது. மூன்று பேர் நடுவர் குழு 1999 ஆகஸ்டில், இருவர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, 1.6 கோடி டாலர் என்று தீர்த்தது. வரி வாங்கும்போது ஒரே ஒரு பொருள் என்பது மதிப்பைக் கூட்டும் காரணம். இழப்பீடு கொடுக்கும்போது, ஒத்த விற்பனை இல்லை என்பது மதிப்பைக் குறைக்கும் காரணம். மதிப்பீட்டாளர் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் எழுதவேண்டும்.

அந்தத் தீர்ப்பு சுருளுக்கு மட்டும்தான். படத்தின் காப்புரிமை குடும்பத்திடமே இருந்தது. பிறகு அவர்கள் அதை டாலஸ் அருங்காட்சியகம் ஒன்றுக்குத் தானமாகத் தந்தார்கள். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியோ கடிதமோ வைத்திருக்கும் நம் சேகரிப்பாளர்கள் பலர் காகிதமும் அச்சிடும் உரிமையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு விலை சொல்கிறார்கள். அவை தனித்தனியாக மதிப்பிடவேண்டிய இரண்டு சொத்துகள்.

நம் பக்கம்

இந்தியாவில் எஸ்டேட் வரி 1985-லும் செல்வ வரி (வெல்த் டாக்ஸ்) 2015-லும் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் மதிப்பீட்டுத் தேவை போய்விடவில்லை. சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, தொல்பொருள் தொகுப்பு, ஓவியம், சிற்பம், பிற கலைப்படைப்புகளுக்கு அந்த விலக்கு இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து இவை 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே கைவசம் இருந்த பொருளென்றால், வாங்கிய விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுக்கலாம்; அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அந்த நாளுக்கே திரும்பிப் போய்ப் பழைய ஏலப் பட்டியல்களைப் புரட்டவேண்டும். லக்ஷ்மி பூஜையில் வைக்கிறோம் என்பதாலேயே தங்கப் பவுன் காசுகள் சொந்த உபயோகப் பொருள் ஆகிவிடாது என்று முன்னாள் மகாராஜா ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது.

கழுகின் சிக்கல் நமக்கும் உண்டு. நூறாண்டு கடந்த சிலையும் ஓவியமும், எழுபத்தைந்தாண்டு கடந்த சுவடியும் 1972 தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே விற்கக் கூடாதவை. ரவி வர்மா ஓவியம் போன்ற கலைச் செல்வங்களுக்கும் அதே தடை. ஆகவே லண்டனில் ஒரு சோழர் செப்புச் சிலை போன விலையை எடுத்துச் சென்னையில் பதிவான சிலைக்குப் போடுவது தவறு. அந்தச் சந்தைக்கு இந்தச் சிலை போகவே முடியாது.

வனவிலங்குப் பொருள் என்றால் தடை இன்னும் இறுக்கம். சில வருடம் முன்பு பாகப்பிரிவினைப் பட்டியல் எழுத ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், கண்ணாடிக் கண் வைத்த சிறுத்தைத் தலையோடு ஒரு தோல். மீசை மயிர் பாதி உதிர்ந்திருந்தது. வீட்டு இளையவர், "அண்ணே, இதை என் கணக்குல போட்டுக்கங்க, லட்சக்கணக்குல போகும்னு சொன்னாங்க" என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய உறையொன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பா பெயரில் தலைமை வனஉயிரினக் காப்பாளர் கொடுத்த உடைமைச் சான்றிதழ். மடிப்பில் கிழிந்திருந்தாலும் முத்திரை தெளிவாக இருந்தது.

விற்கவும் முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் முடியாது, வாரிசாக மட்டும் வரலாம் என்று இருவருக்கும் விளக்கினேன். வாரிசாக வந்த 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். அப்பா இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. பட்டியலில் அந்த வரிக்கு எதிரே, "சிறுத்தைத் தோல், தலையுடன், ஒன்று, சான்றிதழ் உண்டு, விற்பனைத் தடை உள்ளதால் சந்தை மதிப்பு இல்லை" என்று எழுதி, தடைசெய்யும் சட்டப்பிரிவையும் சேர்த்தேன். இளையவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அப்ப அண்ணனே வச்சுக்கட்டும் சார். அப்பா உக்கார்ற நாற்காலி எனக்குப் போதும்."

பெரியவர் அன்று மாலையே வனத்துறைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்.